குழந்தைகளோடும் அம்மாவோடும் வலென்சியா கடற்கரைக்கு: எங்கே, எப்போது

உங்கள் கேள்வி இது: ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஆறு வயது மகள், ஒன்பது வயது மகன், முழங்கால் வலியுள்ள எழுபது வயது அம்மா ஆகியோரோடு விடுமுறையில் ஒரு வாரம் மத்தியதரைக் கடலோரம் தங்க விரும்புகிறீர்கள். ஸ்பெயினின் வலென்சியா பக்கம் மனதில் இருக்கிறது. நீலக்கொடி உள்ள கடற்கரையாகப் பார்த்துப் பிடித்தால் போதுமா, எது நல்லது என்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது கடற்கரையின் பெயரை அல்ல என்று நினைக்கிறேன். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது நெஞ்சு படபடக்காமல் உட்கார முடியுமா என்று கேட்கிறீர்கள். அதற்குப் பாதிப் பதிலைத்தான் இடம் தரும். மீதியைத் தருவது எந்த மாதம், எந்த மணி, எந்தக் காற்று என்பவை.

நான் இந்த வட்டாரத்தில் கடல்நீரைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். தண்ணீரைப் பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். உயிர்காப்பாளர்களைப் பற்றிச் சொல்வது, மாதிரி எடுக்கப் போகும்போதெல்லாம் அவர்களோடு பேசிப் பழகியதிலிருந்தும் பார்த்ததிலிருந்தும் வந்தது. மருத்துவம் என் துறை அல்ல.

முதலில் நீலக்கொடி. 1985-ல் பிரான்சில் தொடங்கி, 1987-ல் மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் பரவிய கடற்கரைச் சான்றிதழ் அது. இப்போது நம் பக்கமும் உண்டு. சென்னைக்கு அருகிலுள்ள கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் 2021-ல் பெற்றன. கொடியை ஒரு குளியல் பருவத்துக்கு மட்டுமே தருகிறார்கள், அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அதனால் யாரோ மூன்றாண்டுகளுக்கு முன் எழுதிய பயணக் குறிப்பில் 'நீலக்கொடிக் கடற்கரை' என்று இருந்தால் அதை நம்பி அறை பிடிக்காதீர்கள். இந்த ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள். நீர்த்தரம், குப்பை அகற்றல், கழிப்பறை, முதலுதவி என்று பல நிபந்தனைகளைப் பார்த்துத்தான் கொடி தருகிறார்கள், ஆகவே அது வெறும் அலங்காரம் இல்லை. ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று அந்த விதிகளுக்குள் இருக்கிறது. பாதுகாப்புக்கு உயிர்காப்பாளர்கள், அல்லது மீட்புக் கருவிகள், அல்லது இரண்டும் இருக்கலாம் என்றுதான் சர்வதேச விதி சொல்கிறது. கூட்டம் குறைந்த, ஆபத்து குறைந்த இடத்தில் ஒரு கம்பத்தில் மிதவை வளையம் தொங்கினாலே அந்த நிபந்தனை நிறைவேறிவிடலாம். வலென்சியா போன்ற பெரிய கடற்கரைகளில் கோடையில் ஆள் இருப்பார்கள். ஆனாலும் கொடியைப் பார்த்துவிட்டு ஆள் இருக்கிறார் என்று நீங்களாக முடிவு செய்யக் கூடாது.

தண்ணீரின் சுத்தத்துக்குக் கொடியைவிட நேரடியான சான்று ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டுக் குளியல்நீர்ச் சட்டப்படி ஒவ்வொரு கடற்கரைக்கும் 'மிகச் சிறந்தது, நல்லது, போதுமானது, மோசம்' என்று நான்கு தரங்களில் ஒன்று கிடைக்கிறது. ஈ.கோலை, குடல் என்டரோகாக்கை என்ற இரண்டு நுண்ணுயிர்களை எண்ணித்தான் இது முடிவாகிறது. இரண்டும் மலக்கழிவு கலந்திருப்பதற்கான அடையாளங்கள். கடலில் 'மிகச் சிறந்தது' என்றால் 100 மில்லிலிட்டரில் முதலாவது 250, இரண்டாவது 100 என்ற எல்லைக்குள் ஏறக்குறைய எல்லா மாதிரிகளும் அடங்க வேண்டும். நீலக்கொடிக்கும் இதே தரம் தேவை. வழக்கமாக நான்கு ஆண்டுகளின் குளியல் பருவ மாதிரிகளைச் சேர்த்துக் கணக்கிடுவதால் ஒரு நல்ல வாரத்தைக் காட்டி யாரும் ஏமாற்ற முடியாது. ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை இதை வரைபடமாகவே வெளியிடுகிறது. ஸ்பெயினுக்குச் சுகாதார அமைச்சகத்தின் 'நாயாதே' (Náyade) என்ற தகவல் தளம் இருக்கிறது. அறை பிடிக்கும் முன் இந்த இரண்டில் ஒன்றைத் திறந்து கடற்கரையின் பெயரைத் தேடிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

இந்தத் தரம் எதைச் சொல்லவில்லை என்பது மாதிரி எடுக்கும் விதத்தைப் பார்த்தால் புரியும். இடுப்பளவுக்கு மேல், குறைந்தது ஒரு மீட்டர் ஆழம் உள்ள இடத்துக்கு நடந்து போகிறோம். கிருமி நீக்கிய குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, மேற்பரப்பிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் கீழே கொண்டுபோய், அங்கே திருப்பி நிரப்புகிறோம். மேலே மிதக்கும் எண்ணெயும் காலடியில் கிளம்பும் மணலும் உள்ளே வரக் கூடாது. வெளிச்சம் படாமல் குளிர்பெட்டியில் சுமார் 4 டிகிரியில் வைத்து ஆய்வகத்துக்கு எடுத்து வருகிறோம். அங்கே தண்ணீரை வடிகட்டுகிறோம். வடிதாளில் சிக்கிய என்டரோகாக்கை கண்ணுக்குத் தெரியும் சிவந்த புள்ளிகளாக வளர ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். திங்கட்கிழமை எடுத்த தண்ணீருக்குப் புதன்கிழமைதான் நான் பதில் சொல்ல முடியும். புதன்கிழமைத் தண்ணீரைப் பற்றி அந்தப் பதிலில் ஒன்றும் இல்லை. சட்டம் கேட்பதும் நாள்தோறும் பரிசோதனை அல்ல. பருவத்துக்கு ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கை இருக்கிறது, நகராட்சிகள் பெரும்பாலும் அதைவிட அதிகமாகவே எடுக்கின்றன.

அப்படியானால் இன்றைய தண்ணீரை எப்படி அறிவது? மழையை வைத்துத்தான். மத்தியதரைக் கடலின் ஸ்பெயின் கரையில் ஆண்டின் பெரும்பகுதி ஓடைகள் வறண்டு கிடக்கும். ஒரு கனமழை வந்தால் அதுவரை தெருவிலும் வயலிலும் கிடந்த எல்லாமும் ஒரே நாளில் கடலுக்கு வந்து சேரும், கழிவுநீர்க் குழாய்களும் நிரம்பி வழியலாம். இத்தகைய மாசு சாதாரணமாக மூன்று நாளுக்குள் தணிந்துவிடும் என்பதுதான் சட்டத்தின் கணக்கும். எனவே பெருமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் தண்ணீரில் இறங்காமல் ஊரைச் சுற்றிப் பாருங்கள். அப்படிப்பட்ட நாட்களில் துறைமுகத்துக்குத் தெற்கே, துரியா ஆற்றின் புதிய வாய்க்கால் கடலில் கலக்கும் பினெடோ பக்கம் கண்டிப்பாக வேண்டாம். மழையே இல்லாத ஜூலை வாரமாக இருந்தால் இந்தக் கவலையே உங்களுக்கு இருக்காது.

கண்ணுக்கு அழுக்காகத் தெரிவதெல்லாம் அழுக்கு இல்லை. வலென்சியாவிலிருந்து தெற்கே தெனியா, ஹாவியா என்று போனால் கரையில் பழுப்பு நிறத்தில் காய்ந்த நாடாக்கள் மெத்தைபோலக் குவிந்து கிடப்பதைப் பார்ப்பீர்கள். அது பொசிடோனியா என்ற கடல்புல்லின் உதிர்ந்த இலை. மத்தியதரைக் கடலில் மட்டுமே வளரும் அந்தப் புல் தெளிந்த, நல்ல தண்ணீரில்தான் தழைக்கும். குவியல் சற்று நாறலாம், உங்கள் மகள் முகம் சுளிக்கலாம். ஆனால் குளிர்கால அலைகள் மணலை அரித்துக்கொண்டு போகாமல் தடுப்பது அதுதான். ஆய்வகக் கண்ணோடு பார்க்கும் எனக்கு, நன்றாகச் சீவி வாரிய மணலைவிட அந்தக் குவியல் உள்ள கரைமீது நம்பிக்கை அதிகம்.

இனி இடம். ஊருக்குள் தங்குவதாக இருந்தால் மல்வரோசா கடற்கரை வசதியானது. டிராமில் ஏறினால் கரைக்குப் பக்கத்திலேயே இறங்கலாம், கழிப்பறையும் குளியல் குழாயும் முதலுதவிக் கூடமும் நடக்கும் தூரத்தில் இருக்கும். இங்கே கடலோர நீரோட்டம் மணலை வடக்கிலிருந்து தெற்கே கொண்டுசெல்கிறது. துறைமுகம் குறுக்கே நிற்பதால் அதற்கு வடக்கே உள்ள மல்வரோசாவில் மணல் சேர்ந்து கரை நூறு மீட்டருக்கும் மேல் அகன்றுவிட்டது. தெற்கே உள்ள எல் சலேர் பக்கம் மணலை இழந்து அரிக்கப்பட்டது, வெளியிலிருந்து மணல் கொண்டுவந்து நிரப்ப வேண்டியிருந்தது. எல் சலேர் அழகான இடம். அல்புஃபேரா இயற்கைப் பூங்காவுக்குள் மணல்மேடும் பைன் மரங்களுமாக இருக்கும். நானும் என் மனைவியும் மட்டும் போவதென்றால் அங்கேதான் போவோம். ஆறு வயதுக் குழந்தையோடும் நடக்கச் சிரமப்படும் அம்மாவோடும் முதல் தேர்வாக அதைச் சொல்லமாட்டேன். மல்வரோசாவின் அகலத்துக்கும் ஒரு விலை உண்டு: ஜூலை மதியம் அந்த மணலில் செருப்பில்லாமல் தண்ணீர்வரை நடக்க முடியாது, நிழல் தரும் மரமும் கிடையாது. மரப்பலகைப் பாதை தண்ணீரை நோக்கிப் போகும் இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

முழுநேரக் கடற்கரை விடுமுறைதான் வேண்டும், நகரம் இரண்டாம்பட்சம் என்றால் தெற்கே காந்தியா என்ற ஊரின் வடக்குக் கடற்கரையைச் சொல்வேன். வலென்சியா நோர்த் நிலையத்திலிருந்து உள்ளூர் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், கடற்கரைப் பகுதிவரை போகும் ரயில்களும் உண்டு. நீண்ட, அகன்ற, மெல்லச் சரியும் மணற்கரை. ஒன்பது வயது பையன் நெடுந்தூரம் நடந்தும் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பான். ஆகஸ்ட் நடுவில் பாதி ஸ்பெயின் அங்கேதான் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உயிர்காப்பாளர் விஷயத்தில் மாதமும் மணியும்தான் எல்லாம். ஸ்பெயினில் இதை நடத்துவது நகராட்சி. நடு ஜூனிலிருந்து நடு செப்டம்பர்வரை தினமும் ஆள் இருப்பார்கள் என்று பெரும்பாலான இடங்களில் நம்பலாம். அதற்கு முன்னும் பின்னும் வார இறுதியில் மட்டும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உங்கள் மாநிலத்தின் பெந்தெகொஸ்தே விடுமுறை இந்த இடைவெளியில்தான் வந்து விழுகிறது. மே கடைசியில் வெயில் பளீரென்று அடிக்கும், ஆனால் தண்ணீர் 20 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும், செவ்வாய்க்கிழமை காலையில் காவல் கோபுரம் காலியாகவும் இருக்கலாம். அந்த வாரம்தான் வசதி என்றால் போகும் ஊரின் நகராட்சித் தளத்தில் 'சொகோரிஸ்மோ' (socorrismo, உயிர்காப்பு) என்று தேடி நாளையும் நேரத்தையும் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

மணிக்கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. காவல் நேரம் பெரும்பாலும் காலை பத்து பதினொன்றுக்குத் தொடங்கி மாலை ஏழு எட்டுக்கு முடியும். ஜூலை தொடக்கத்தில் வலென்சியாவில் சூரியன் மறைவது இரவு ஒன்பதரை மணிக்கு. வெயில் தணிந்து, மணல் ஆறி, கரையில் இன்னும் ஆயிரம் பேர் இருக்கும் அந்த இனிமையான நேரத்தில் கோபுரத்தில் ஆள் இருக்கமாட்டார், கடலின் நிலையைக் காட்டும் கொடியும் இறங்கியிருக்கும். நம் ஆட்கள் கடற்கரைக்குக் கிளம்புவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ஏழு மணிக்கு மேல் பிள்ளைகளுக்கு மணல் விளையாட்டு, ஐஸ்கிரீம், கரையோர நடை மட்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

காவல் கோபுரத்தில் ஏற்றும் இந்தக் கொடிகளைப் பற்றிச் சுருக்கமாக: பச்சை என்றால் குளிக்கலாம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. மஞ்சளன்று உங்கள் மகளைப் பொறுத்தவரை அது சிவப்புதான். ஜெல்லி மீன் வந்திருந்தால் அதற்குத் தனிக் கொடியோ அறிவிப்போ வைப்பார்கள். பிரான்ஸ் பக்கம் போனால் 2022 முதல் புதிய முறை: மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என இரு பாதியாக உள்ள கொடிகள் இரண்டுக்கு இடையில்தான் காவல் உண்டு, ஊதா என்றால் மாசு அல்லது ஆபத்தான கடல் உயிரினம். இத்தாலியில் வெள்ளைக் கொடி பறந்தால் காவலர் பணியில் இருக்கிறார், கடலும் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். எந்த நாடாக இருந்தாலும் கோபுரத்துக்கு நேர் எதிரே, அவர் பார்வை படும் இடத்தில் பாயை விரியுங்கள்.

காற்றைப் பற்றி யாரும் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வதில்லை. வங்கக் கடலைப் பார்த்து வளர்ந்த நமக்கு அலைதான் ஆபத்து. மெரினாவில் காலை நனைத்துவிட்டுப் பின்வாங்கும் பழக்கம் அதனால் வந்தது. மத்தியதரைக் கடலில் ஓதமே சில பத்து சென்டிமீட்டர்தான். அலை இல்லாத காலைகளில் ஏரிபோலக் கிடக்கும், நமக்குப் பயம் விட்டுப்போகும். வலென்சியாவில் கிழக்கிலிருந்து வரும் லெவாந்தே காற்று அலையைக் கிளப்பும். அதைக் கண்ணால் பார்க்கலாம், கொடியும் மாறும். மேற்கிலிருந்து நிலத்தைத் தாண்டி வரும் போனியெந்தே வேறு மாதிரி. அனல் வீசும், கடல் கண்ணாடிபோலத் தட்டையாக இருக்கும், குளிக்க இதைவிட நல்ல நாள் இல்லை என்று தோன்றும். அன்றுதான் காற்றடைத்த மெத்தையும் முதலை பொம்மையும் குழந்தையோடு மெதுவாக, சத்தமில்லாமல், கடலை நோக்கி நகரும். நீந்தத் தெரிந்த அப்பா துரத்திக்கொண்டு போனாலும் காற்றின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அந்த நாட்களில் மிதவைப் பொம்மைகளைக் கரைக்கே கொண்டுவராதீர்கள். அலை உள்ள நாளில் கருங்கல் கொட்டிய தூண்டில் வளைவுகளின் ஓரம் வேண்டாம், கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் அங்கேதான் உருவாகும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும் என்று மகனுக்குச் சொல்லி வையுங்கள். மதியத்துக்குப் பிறகு சாதாரண நாளிலும் கடற்காற்று எழுந்து சிற்றலை வரும், சிறு குழந்தைக்குக் காலை பதினொன்றுதான் நல்ல நேரம்.

உயிர்காப்பாளர் இருப்பதால் நீங்கள் புத்தகம் படிக்கலாம் என்று அர்த்தமாகாது. ஒருவரின் பார்வையில் நூற்றுக்கணக்கான தலைகள். மூழ்கும் குழந்தை கத்துவதில்லை, கையை ஆட்டுவதில்லை. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? சின்னவள் தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரிலேயே நிற்க வேண்டும். யார் எப்போது என்று நேரம் பிரித்துக்கொள்ளுங்கள். 'எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்' என்பதுதான் உயிர்காப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம்.

உங்கள் அம்மாவை மேலே நிழலில் உட்காரவைத்துவிடாதீர்கள். ஸ்பெயினின் பெரிய கடற்கரைகள் பலவற்றில், மல்வரோசாவிலும், நடக்கச் சிரமப்படுவோருக்கான பகுதி கோடையில் இயங்கும். மிதக்கும் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து உதவியாளர்கள் தண்ணீருக்குள் அழைத்துப்போய்க் கொண்டுவருவார்கள். குறிப்பிட்ட மணிகளில்தான் கிடைக்கும், விசாரித்துவிட்டுப் போங்கள். புடவையோடு இறங்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். நனைந்த ஆறு கஜம் காலைச் சுற்றிக்கொண்டால் முழங்கால் ஆழத்திலேயே விழவைக்கும். பைஜாமாவும் குட்டைக் குர்தாவும் போதும், ஸ்பெயின் கடற்கரையில் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். நமக்குக் கறுத்த தோல், வெயில் என்ன செய்யும் என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். பன்னிரண்டு முதல் நாலு மணிவரை அறைக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவதுதான் ஊர்க்காரர்களும் செய்வது. கட்டுச்சோறு கொண்டுபோவதென்றால் புளியோதரை தாங்கும், தயிர்சாதம் அந்த வெயிலில் தாங்காது. கரையில் உள்ள குழாயில் சோப்பு போட்டுக் குளிக்கப் பல நகராட்சிகளில் தடை உண்டு, அபராதமும் உண்டு.

ஜெல்லி மீன்கள் எந்த வாரம் வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. காற்றும் நீரோட்டமும் ஒரே இரவில் கொண்டுவந்து ஒதுக்கும், மறுநாள் காணாமல் போகும். கொட்டினால் கடல்நீரால் கழுவுங்கள். குழாய்த் தண்ணீரும் மணல் தேய்ப்பும் கூடாது, தோலில் ஒட்டியுள்ள வெடிக்காத கொட்டு அணுக்கள் அதனால்தான் வெடிக்கும். வினிகர் ஊற்றலாமா என்பது இனத்தைப் பொறுத்தது. இந்தப் பக்கம் அதிகம் தொல்லை தரும் ஊதா நிற இனத்துக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. எந்த இனம் என்று உங்களுக்குத் தெரியாதவரை வினிகரைத் தொடாமல் முதலுதவிக் கூடத்துக்குப் போவது நல்லது. மணலில் புதைந்திருக்கும் முள்மீன் குத்தினால் நேர்மாறு, பொறுக்கும் அளவு வெந்நீரில் காலை வைத்தால் வலி தணியும். உதவிக்கு 112.

தேதியைப் பொறுத்தவரை, உங்கள் மாநிலக் கோடை விடுமுறை செப்டம்பர் இரண்டாம் வாரம்வரை நீள்வது நல்ல வாய்ப்பு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் முதல் வாரத்துக்குள் போவேன். ஸ்பெயின் குடும்பங்கள் ஊர் திரும்பத் தொடங்கியிருக்கும், வாடகை இறங்கும், கடல் 25, 26 டிகிரியில் வெதுவெதுப்பாக இருக்கும், காவலும் இருக்கும். குறை ஒன்று உண்டு: இந்தக் கரையில் பெருமழைக் காலம் செப்டம்பரிலிருந்தே தொடங்கும். 2024 அக்டோபர் 29-ல் வலென்சியாவைச் சூறையாடிய வெள்ளம் அந்த வகை மழையின் கொடிய முகம். செப்டம்பர் முதல் வாரத்தில் அந்த அளவு அரிது, ஆனால் ஒரு புயல்மழையில் இரண்டு நாள் போகலாம். இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறையாக எடுங்கள். ஜூனில் போவதென்றால் 23-ஆம் தேதி இரவைத் தவிருங்கள். சான் ஹுவான் விழாவுக்குக் கரை முழுக்கத் தீ மூட்டுவார்கள், மறுநாள் காலை மணலில் கரியும் கண்ணாடியும் கிடக்கும். ஸ்டுட்கார்ட்டிலிருந்து காரில் போகப் பக்கம் என்று பிரான்சின் லாங்டாக் கரையை யோசித்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அங்கே நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் திராமொந்தான் காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போய் அடிநீரை மேலே கொண்டுவரும். நடு ஜூலையில்கூட ஓரிரவில் தண்ணீர் பல டிகிரி குளிர்ந்துவிடும்.

உங்கள் ஜெர்மன் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம் ஐரோப்பிய மருத்துவ அட்டையாகவும் இருக்கும், அரசுக் காப்பீடு என்றால் எல்லோருடைய அட்டையையும் எடுத்து வாருங்கள். அம்மா விசாவில் வந்திருப்பவர் என்றால் அவருக்கு இது பொருந்தாது, தனியே பயணக் காப்பீடு வேண்டும். பிள்ளைகளில் யாருக்காவது கடும் ஒவ்வாமை இருந்தால் ஜெல்லி மீன் கொட்டுவதைப் பற்றிக் கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு, தேவையான மருந்தைக் கையோடு கொண்டுவாருங்கள். அறை முடிவானதும் கடற்கரையின் பெயரை எழுதுங்கள், கடந்த சில ஆண்டுகளின் நீர்த்தரத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.